வராத லாபத்தின் வரி

தவ்பீக் தன் மனைவியின் ஆதார் அட்டையை நகல் எடுத்து வைத்திருந்தான். பான் கார்டையும் எடுத்திருந்தான். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்களைக்கூட எங்கிருந்தோ தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்திருந்தான்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கேஸ் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டே பழகியவன் அவன்.

"இம்புட்டு வெள்ளனாவே எடுத்து வச்சிட்டீங்க?" என்றாள் ஷரீபா.

"சாயந்தரம் கிளம்புற நேரத்துல அதைக் காணோம் இதைக் காணோம்னு நிக்கப்படாதுல்ல. மச்சான் நோன்பு திறக்கவே வரச் சொல்லியிருக்காரு. திறந்துட்டு, கையெழுத்தைப் போட்டுட்டு, தராவீஹ் தொழுகைக்கு முந்தி வந்துருவோம்."

"என்னமோ தயிர் வாங்கப் போற மாதிரி சொல்றீங்க."

"நீ பெருசாக்காத. எந்திரிக்கவே மாட்டாத கம்பெனில உன் பேரு எதுக்கு? நம்ம மக ஷிபாவுக்கு பீஸ் கட்ட ஆகும். வர்றதை வாங்கிட்டு நிம்மதியா இருப்போம்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு விளக்குத்தூண் பக்கமிருக்கும் தன் பை விற்கும் கடைக்குப் புறப்பட்டான். ரமலான் மாதத்தில் பள்ளிக்கூடப் பை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அலுத்துக்கொள்கிறவன், இன்று ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினான்.

ஷரீபா அந்த உறையைத் தொடவில்லை.

சென்ற மாதம் இதே மேசையில்தான் அவள் அண்ணன் ஜுல்பிகர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கப்பலூரில் அத்தா முகம்மது கனி ஆரம்பித்த ரப்பர் பாய்த் தொழிற்சாலை, மாட்டுத் தொழுவத்தில் விரிக்கிற கனத்த பாய்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி, இனி எழுந்திருக்காது என்று அவன் சொன்னான். அத்தாவின் மவுத்துக்குப் பிறகு மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று பங்கு பிரிந்தது. அந்த ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்வதாகவும், இருபத்தைந்து லட்சம் தருவதாகவும் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சியாச்சேன்னு தர்றேன். வெளியாளுன்னா பழைய இரும்பு விலைக்குத்தான் கேப்பான்."

அவளும் அன்று அழுதாள். அண்ணனுக்காக அழுதாளா, அத்தாவுக்காக அழுதாளா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. அழுகை உண்மையானதுதான். அதனால்தான் அதை நினைக்கும்போது இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் அதற்குப் பிறகு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு கூரியர் வந்தது.

அது வருடா வருடம் வருவதுதான். ரமலான் பிறை தெரிந்ததும் பங்குதாரர்கள் எல்லோருக்கும் பேலன்ஸ் ஷீட் போய்விட வேண்டும், அதைப் பார்த்து அவரவர் கொடுக்க வேண்டிய ஏழைவரியான ஜகாத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று அத்தா ஏற்படுத்தி வைத்த பழக்கம். செப்டம்பரில் நடக்கிற ஆண்டுக் கூட்டத்துக்கு ஷரீபா போனதே இல்லை. இந்தக் கூரியரைத்தான் பார்ப்பாள். அதிலும் சரக்கு எவ்வளவு, வங்கியில் எவ்வளவு என்ற இரண்டு வரிகளை மட்டும்.

இந்த முறைதான் விற்கப் போகிற பங்கு ஆயிற்றே என்று முழுவதும் படித்தாள்.

வரிக்கு முந்தைய நஷ்டம் ஒரு கோடியே இருபது லட்சம். சரி, அண்ணன் சொன்னது உண்மை. அதற்கு அடுத்த வரியில் வருமான வரி என்று ஒரு முப்பது லட்சம். அதைக் கழித்து, கடைசி நஷ்டம் தொண்ணூறு லட்சம்.

நஷ்டமான கம்பெனிக்கு எதற்கு வரி? வரி போட்டால் நஷ்டம் கூடத்தானே வேண்டும்? குறைந்திருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அதே முப்பது லட்சம் சொத்துகளின் வரிசையில் உட்கார்ந்திருந்தது. 'ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்து' என்று ஒரு பெயர்.

சொத்து என்றால் அதற்கும் ஜகாத் உண்டா? முதலில் அவளுக்கு எழுந்த கேள்வி இவ்வளவுதான். கொடுக்க வேண்டியதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் மீதிப் பணம் முழுவதும் உறுத்திக்கொண்டே இருக்கும் என்று நினைக்கிற சுபாவம் அவளுக்கு. ஆனால் அந்தக் கேள்வியோடு நாலு நாள் இருந்த பிறகு, அதன் அடியில் வேறொன்று கிடப்பது தெரிந்தது. சந்தேகம் என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

தவ்பீக்கைப் போனில் கூப்பிட்டாள். "ஷிபாவுக்குச் சுடிதார் எடுக்கப் போறேங்க. அசர் தொழுகைக்குள்ள வந்துருவேன். நேரம் ஆச்சுன்னா நேரா அண்ணே வீட்டுக்கே வந்துர்றேன்."

"வெயில்ல எதுக்கு அலையிற, நோன்பும் அதுவுமா? கார்டு எல்லாம் நானே கொண்டு வந்துர்றேன்" என்றான்.

போனை வைத்தாள். நோன்பாளி பொய் சொல்லக் கூடாது. இன்னொருவர் சொன்னது பொய்யா என்று பார்ப்பதற்காக நான் ஒன்று சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே புர்காவை எடுத்தாள்.

*

ஆடிட்டர் ஆனிமேரியின் அலுவலகம் பசுமலையில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வீட்டின் முன்பக்க அறையிலேயே இருந்தது. மணி அடித்துப் பிள்ளைகள் இரைகிற சத்தம் சுவர் தாண்டி வந்தது.

"வாங்க ஷரீபா. தண்ணி குடுக்க முடியாது, பேனுக்கு நேரா உக்காருங்க" என்றாள் ஆனிமேரி. "ஜகாத் விஷயம்தானே? எங்க ஆபீஸ்ல செப்டம்பர்ல இன்கம் டாக்ஸ் ஜுரம், ரம்ஜான்ல ஜகாத் ஜுரம். உங்க அத்தா போன பிறகும் நாங்க நிறுத்தல. கூரியர் அனுப்பிட்டேன்னு போன் பண்ணினா உங்க அண்ணன்தான், 'அட, அதை இன்னும் அனுப்புறீங்களா'ன்னாரு."

ஷரீபாவின் கை, பையின் வாரில் நின்றது. "எப்ப சொன்னாரு?"

"போன வாரம். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவள் பக்கத்தைப் பிரித்து அந்த வரியில் விரலை வைத்தாள். "இந்த முப்பது லட்சம். இது எங்க இருக்கு மேடம்? பேங்க்லயா?"

ஆனிமேரி சிரித்தாள். "எங்கயும் இல்ல. அதான் அதோட அழகு."

"அழகா?"

"சொல்றேன். இந்த வருஷம் கம்பெனிக்கு நஷ்டம். அதனால கட்டுற வரி ஒண்ணுமில்ல. ஆனா சட்டம் என்ன சொல்லுது? இந்த நஷ்டத்தை எட்டு வருஷம் வரைக்கும் தூக்கிட்டுப் போகலாம். அடுத்து எப்ப லாபம் வருதோ, அதுல இந்த ஒரு கோடியே இருபது லட்சத்தைக் கழிச்சுட்டு மிச்சத்துக்கு மட்டும் வரி கட்டினாப் போதும். அப்ப நூத்துக்கு இருபத்தஞ்சு ரூபாய்ன்னு வச்சாக்கூட, எம்புட்டு மிச்சமாகும்?"

"முப்பது."

"அந்த முப்பதுதான் இது. நாளைக்கு மிச்சமாகப் போற வரியை இன்னைக்கே சொத்துன்னு எழுதுறோம். இன்னைக்கு வந்த நஷ்டத்தால கிடைக்கிற பலன்ங்கிறதால, இன்னைக்கு நஷ்டத்துலயே கழிச்சும் காட்டுறோம். அதான் தொண்ணூறா குறைஞ்சிருக்கு. ஜகாத்துக்கு இதைச் சேக்கணுமான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேளுங்க. என்னைக் கேட்டா, இது கையில வாங்கிப் பாக்கக்கூடிய பணம் இல்ல."

ஷரீபா தலையாட்டினாள். ஜகாத்துக்கான பதில் கிடைத்துவிட்டது. எழுந்து போகலாம். வெளியில் ஒரு டீச்சர் யாரையோ அதட்டினாள். பிள்ளைகளின் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

"மேடம், லாபமே வரலைன்னா?"

"வரலைன்னா கழிக்க ஒண்ணுமிருக்காது. எட்டு வருஷம் போனா அந்த நஷ்டமும் காலாவதி. முப்பது லட்சமும் வெறும் எழுத்து."

"அப்ப லாபம் வராதுன்னு தெரிஞ்சா?"

"எழுதவே கூடாது. நான் விட மாட்டேன்."

"வரும்னு ஒரு நம்பிக்கையில எழுதினா?"

"நம்பிக்கை பத்தாது ஷரீபா. எங்க மாமியாருக்குக்கூட கேரளா லாட்டரி விழும்ங்கிற நம்பிக்கை வாராவாரம் இருக்கு. நஷ்டத்து மேல இப்படிச் சொத்து எழுதணும்னா கிட்டத்தட்ட நிச்சயம்ங்கிற அளவுக்கு இருக்கணும். அதுக்கு ஆதாரமும் இருக்கணும். அடுத்த வருஷம் இப்படி ஓட்டுவோம், அப்படி ஓட்டுவோம்னு கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டுக் கொண்டு வந்தா ஒத்துக்க மாட்டோம். மீற முடியாத ஒப்பந்தம் மாதிரி ஒண்ணு கையில வேணும்."

"அண்ணே அப்படி ஒண்ணு கொடுத்தாரா?"

ஆனிமேரி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"கம்பெனி பேப்பரை நான் எடுத்துக் காட்ட முடியாது. உங்களுக்கு அனுப்பின அறிக்கையில என்ன இருக்கோ, அதைப் பத்தி மட்டும் பேசலாம். வரி பத்தின குறிப்பைப் படிங்க. கடைசி வாக்கியம்."

ஷரீபா படித்தாள். வருங்காலத்தில் போதுமான லாபம் கிடைக்கும் என்பது தக்க ஆதாரத்தின்படி ஏறக்குறைய உறுதியாகிவிட்டது என்று நிர்வாகம் கருதுகிறது. கீழே சென்ற செப்டம்பர் தேதியோடு இயக்குநர் ஜுல்பிகரின் கையெழுத்து. அதன் அருகில், குழந்தை எழுதியதுபோல் உருண்டையாக, இன்னொரு இயக்குநரான அண்ணி ஆயிஷா சித்திகாவின் கையெழுத்து.

செப்டம்பரில் உறுதியாக இருந்த லாபம், ஜனவரியில் அவள் வீட்டு மேசையில் எப்படி இல்லாமல் போயிற்று?

"எதுக்கு இம்புட்டு விசாரிக்கிறீங்க?" ஆனிமேரியின் குரல் மாறியிருந்தது. "நீங்க பங்கை எதுவும்..."

"இன்னைக்குச் சாயந்தரம் எழுதிக் குடுக்கிறேன் மேடம். அண்ணனுக்கு."

எதையோ சொல்லாமல் இருப்பதற்கு ஆனிமேரி முயற்சி எடுத்துக்கொள்வது தெரிந்தது. தாள்களை அடுக்கினாள். பேனா மூடியைத் திறந்து மூடினாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும்" என்றாள் ஷரீபா. "கம்பெனி மொத்தமா முங்கினா, கடன்காரங்க என்னைத் தேடி வருவாங்களா?"

"ஜாமீன்னு எதுலயாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப பங்குக்குப் போட்ட பணம் போகும். அதைத் தாண்டி உங்க வீட்டுக் கரண்டியைக்கூட யாரும் தொட முடியாது. அதுக்குத்தான் லிமிடெட்ங்கிறது."

வாசல் வரை வந்த ஆனிமேரி கேட்டைப் பிடித்தபடி சொன்னாள். "நான் உங்களுக்கு எதுவும் சொல்லல ஷரீபா. நீங்க ஜகாத் கேட்டீங்க, நான் பதில் சொன்னேன்."

*

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அண்ணனின் கலங்கிய கண் மறுபடியும் வந்தது. அந்தக் கண்ணீரை அவள் தன் முன்னால் வைத்து, ஒரு பக்கம் புரட்டினாள், மறுபக்கம் புரட்டினாள். சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் சாப்பிடும்வரை தானும் சாப்பிடாமல் இருந்தவன். அப்படிப்பட்டவன் ஏமாற்ற மாட்டான் என்பது ஒரு வாதமா? ஆடிட்டருக்கு உறுதி, தங்கைக்கு அழுகை என்று ஒருவனால் இரண்டையும் மனதாரச் செய்ய முடியுமோ என்னவோ.

தன்னைப் பார்த்தும் அவளுக்குப் பயமாக இருந்தது. இருபத்தைந்து லட்சம் என்றதும் மறு பேச்சில்லாமல் தலையாட்டியவள், இன்று ஒரு வரியைப் படித்துவிட்டு உடன்பிறந்தவனைக் கூண்டில் ஏற்றுகிறாள். இதில் நியாயம் எவ்வளவு, ஆசை எவ்வளவு?

அண்ணன் வீட்டுக்குப் போகத் திருநகரில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. கப்பலூருக்குச் சீட்டை நீட்டித்துக்கொண்டாள்.

தொழிற்பேட்டைக்குள் நடக்கையில் வெயில் தலையில் இறங்கியது. ஃபேக்டரி வாசலுக்கு வந்தபோது அவள் முதலில் கேட்டது, சத்தம் இல்லாததைத்தான். ரப்பர் அச்சு இயந்திரங்கள் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும் சத்தம். அது நின்றிருந்தது. சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அண்ணன் சொன்னது உண்மை. கம்பெனி செத்துத்தான் கிடக்கிறது.

"யக்கா! நீங்களா? என்னக்கா இந்த வெயில்ல?" சூப்பர்வைசர் அருள்பாண்டி ஓடி வந்தான். "அண்ணே இல்லையே. பேங்க்குக்குப் போயிருக்காரு."

"தெரியும் அருளு. இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போவோம்னு. மெஷின் எல்லாம் நிக்குதே."

"நிக்காம? அம்புட்டு அச்சையும் கழத்திப் போட்டிருக்கோம்ல. பூராம் புது சைஸு. முன்னைவிடக் கனமும் கூட. இங்க வந்து பாருங்க." அவன் ஒரு மாதிரிப் பாயை உருட்டி விரித்தான். அவள் செருப்புக் கால் அதில் மெத்தென்று அமிழ்ந்தது. "டென்மார்க் மாடு இதுலதான் படுக்குமாம்க்கா. எங்க வீட்ல நான் கோரப் பாயில படுக்குறேன். அடுத்த ஜென்மத்துல மாடாப் பொறந்தாலும் டென்மார்க்லதான் பொறக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆர்டர் வந்திருக்கா?"

"வந்திருக்காவா? என்னக்கா, உங்களுக்குத் தெரியாதா? மூணு வருஷத்து ஆர்டரு. போன ஆகஸ்டுலயே கையெழுத்தாயிருச்சு. பெருநா முடிஞ்ச மறுநாள்ல இருந்து மூணு ஷிப்டு. ஆள் கேட்டுத் திருமங்கலம் பூராம் சொல்லி வச்சிருக்கேன்." பிறகு குரலைத் தணித்தான். "ஆனா அண்ணே பாவம்க்கா. சரியாத் தூங்குறதில்ல. ஒரு வாரம் லேட்டானாலும் அபராதமாம். அந்த டென்மார்க்காரன் போன் வந்தா மட்டும் எந்திரிச்சு நின்னு பேசுறாரு."

"நான் வந்ததை அண்ணன்கிட்டச் சொல்ல வேணாம் அருளு. நானே சாயந்தரம் பாக்கப் போறேன்."

"சரிக்கா" என்றான். ஆனால் அவன் முகத்தில், சொல்லக் கூடாத எதையோ சொல்லிவிட்டோமோ என்ற குழப்பம் ஏறியிருந்தது.

*

அண்ணனின் திருநகர் வீட்டில், பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியுமாக முதல் பத்து நிமிடம் பேச்சில்லாமல் போயிற்று. தவ்பீக் ஏற்கெனவே வந்திருந்தான். "சுடிதார் எங்க?" என்று கேட்டான்.

"பிடிக்கல" என்றாள். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை.

"இன்னொரு வடை எடுத்துக்க ஷரீபா. வாடிப் போயிருக்க" என்றாள் அண்ணி. ஆயிஷா சித்திகாவின் பார்வையில் எப்போதும் எல்லோரும் கொஞ்சம் குறைவாகவே சாப்பிடுகிறார்கள்.

தொழுகை முடிந்து ஆண்கள் கூடத்துக்கு வந்தார்கள். ஜுல்பிகர் பங்கு மாற்றுப் படிவத்தை மேசையில் விரித்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள். காசோலையும் தயாராக இருந்தது. அவன் இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அருள்பாண்டி சொன்னது பொய்யில்லை.

"பிஸ்மி சொல்லிப் போடும்மா" என்றான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கம்பெனி இனிமே லாபம் பாக்குமா?"

"அதான் அன்னைக்கே சொன்னேனேம்மா."

"இன்னொரு தடவ சொல்லு."

அவன் தவ்பீக்கை ஒரு முறை பார்த்துவிட்டு, "பாக்காது" என்றான்.

"அப்ப அந்த முப்பது லட்சத்தை அழிச்சிரு."

"எந்த முப்பது லட்சம்?"

"பேலன்ஸ் ஷீட்ல வரிச் சொத்துன்னு எழுதியிருக்கியே, அது. லாபம் வராதுன்னா அது சொத்தே இல்ல, எழுதினது தப்பு. லாபம் வரும்னா நான் கையெழுத்துப் போடுறது தப்பு. ரெண்டுல எது தப்புன்னு சொல்லு."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அண்ணி எழுந்திருக்கப் பார்த்து, எழுந்திருக்காமல் உட்கார்ந்தாள்.

"யாரு உனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தா?" ஜுல்பிகரின் குரல் உயரவில்லை.

"யாரும் சொல்லித் தரல. ஜகாத்துக்குக் கூரியர் வந்துச்சு. நான் வழக்கமா ரெண்டு வரி பாப்பேன், இந்த வருஷம் மூணாவது வரியும் பாத்தேன். டென்மார்க் ஆர்டர் ஆகஸ்டுல வந்துச்சு. நீ என் வீட்ல உக்காந்து அழுதது ஜனவரில."

அவன் நாற்காலியில் சாய்ந்தான். மறுக்கவில்லை. அவன் மறுப்பான், கத்துவான், அண்ணனையே சந்தேகப்படுறியா என்று கேட்பான் என்றெல்லாம் வழி முழுக்க அவள் தயாரித்து வைத்திருந்த பதில்கள் வீணாயின.

"ஒரு கோடியத் தாண்டி நஷ்டம் காட்டினா பேங்க்ல கடன் லிமிட்டை வெட்டிருவோம்னாங்க" என்றான். "லிமிட் இல்லைன்னா ரப்பர் வாங்க முடியாது. ரப்பர் இல்லைன்னா ஆர்டரே இல்ல. அதுக்காக அந்த ஆர்டரை ஆடிட்டர்கிட்டக் காட்டி வாங்கின முப்பது அது. பொய் இல்ல. ஆர்டர் நெசம். ஆனா ஜூலைக்குள்ள முதல் சரக்கு கப்பல் ஏறலைன்னா அவன் போடுற அபராதத்துல இந்த வீடும் போகும். பேங்க்ல அடமானத்துல கிடக்கு. அப்ப உன் வாசல்லயும் வந்து ஒருத்தன் நிக்கணுமா? அதுக்குத்தான் உன்னை வெளிய எடுக்கப் பாத்தேன்."

"என் வாசல்ல யாரும் வந்து நிக்க முடியாதுண்ணே. நான் ஜாமீன் போடல. உனக்கும் அது தெரியும்."

அவன் படிவத்தின் ஓரத்தை நீவினான்.

அவன் சொன்னதில் பாதி உண்மையாக இருக்கலாம். தூங்காத கண் உண்மை, அடமானம் உண்மை. தன்னைக் காப்பாற்றுவதாக அவனே நம்பியும் இருக்கலாம். ஆனால் காப்பாற்றுகிறவன் ஆர்டரை ஏன் மறைக்க வேண்டும்? பயத்தை மட்டும் பங்கு போட்டுவிட்டு லாபத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அண்ணன் என்ற சொல்லே இன்னும் நாக்கில் நின்றது.

"நான் போட மாட்டேன்" என்றாள். "ஜூலை வரைக்கும் பாப்போம். முங்கினா என் பங்கும் உன்கூட முங்கட்டும். இனிமே ஆண்டுக் கூட்டத்துக்கும் வருவேன்."

ஜுல்பிகர், அவளால் புரிந்துகொள்ள முடியாத ஒரு அலுப்போடு, தவ்பீக்கின் பக்கம் திரும்பினான்.

"என்ன மாப்ள இது? ஆர்டர் விஷயம் இவளுக்குத் தெரிய வந்தா நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன்னுதானே சொன்னீங்க?"

தவ்பீக் பிளாஸ்டிக் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இல்ல மச்சான், நோன்பு முடியட்டும்னு..."

"என்ன சொல்லிக்கிறேன்னு சொன்னீங்க?" ஷரீபா கேட்டாள். தன் குரல் யாருடையதோ போலிருந்தது. "உங்களுக்கு ஆர்டர் தெரியுமா?"

எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற அவசரத்தில், அண்ணிதான் பேசினாள்.

"அட, இதுல மறைக்க என்ன இருக்கு? நீ பங்கை எழுதிக் குடுத்ததும், அடுத்த மாசத்துல இருந்து எனக்குப் பதிலா உங்க வீட்டுக்காரர்தானே டைரக்டரு. கையெழுத்துப் போடுற தொல்லை இனிமே எனக்கில்லைன்னு உங்க அண்ணன் என்கிட்டச் சொன்னாரே. நான்கூட ஷரீபாவுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். உனக்குத் தெரியாதா?"

ஷரீபா கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவன் கண் ஜுல்பிகரின் மேல் இருந்தது. தப்பு செய்து பிடிபட்டவனின் பதற்றத்தை அவள் அதில் தேடினாள், கிடைக்கவில்லை. இன்னும் எவ்வளவு வெளியே வந்துவிடும் என்று அளந்துகொண்டிருந்தான்.